ஆலை ஓடாத மாதம்

பிரகாசு துபாயிலிருந்து முதல் தடவை லீவில் வந்து பெட்டியைப் பிரித்தபோது, அம்மா தேடியது கோடாலித் தைலத்தைத்தான். போர்வை வந்தது, டார்ச் லைட் வந்தது, பேரீச்சை வந்தது, பெரியப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வந்தது. எதற்கும் அம்மா அசையவில்லை. தைலம் வெளியே வந்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்து, கரும்பு வெட்டி வெட்டித் தேய்ந்த இரண்டு முட்டியிலும் பூசிக்கொண்டாள். வீடு முழுக்கத் தைல நெடி அடித்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்துத்தான் என் தம்பி, பெட்டியின் அடியில் பனியனுக்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினான்.

அதற்கு அட்டைப்பெட்டி இல்லை, மூடியும் இல்லை. தடித்த கண்ணாடிக்குள் ஆறிப்போன டீத்தண்ணீர் நிறத்தில் ஏதோ இருந்தது. அழுத்துகிற குமிழ் மட்டும் பித்தளை நிறத்தில் பளபளத்தது.

“இன்னாடா இது, எவனோ போட்டுக்கினு மிச்சம் வச்சதா?” என்றேன்.

“டெஸ்டர்க்கா. கடைக்கு வர்றவங்க அடிச்சிப் பாக்கறதுக்குன்னு வைக்கிறது. இந்தச் சரக்க செய்யறதையே நிறுத்திட்டாங்களாம். அதான் மேனேஜரு, நீ எடுத்துக்கினு போடான்னு குடுத்தாரு. எவ்ளோ பெரிய பெரிய ஆளுங்க தேடிக்கினு வர்ற சரக்கு தெரியுமா?”

அவன் அங்கே ஒரு பெரிய மாலில் சென்ட் கடையில் வேலை செய்தான். விற்கிற வேலை இல்லை. கண்ணாடி அலமாரி துடைப்பது, சரக்கு இறக்குவது, தரையில் சொட்டினால் துடைப்பது. ஆனால் ஊரில் “சென்ட் கடையில இருக்கான்” என்று சொன்னதுமே ஆளாளுக்கு ஒரு மாதிரி சிரித்தார்கள். எங்கள் பக்கம் சென்ட் என்றால் இரண்டே காரியத்துக்குத்தான். ஒன்று கல்யாணம், இன்னொன்று சாவு. கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூட்டாளி எவனாவது சட்டையில் அடித்துக்கொள்வான். சாவென்றால் வரிசை கொண்டு வருகிறவர்கள் மாலையோடு சின்ன ரோஜா சென்ட் பாட்டிலும் கொண்டு வந்து, கிடத்தியிருக்கும் உடம்பின் மேல் ஊற்றுவார்கள். எங்கள் அப்பா போன அன்றைக்கு ஊற்றிய ஊற்றில் கோடித்துணியே நனைந்துவிட்டது. அதற்குப் பிறகு பிரகாசு ரோஸ்மில்க் கூடக் குடிக்க மாட்டான். அவன் போய் ஒரு சென்ட் கடையில் உட்கார்ந்தது எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது.

மணிக்கட்டில் ஒரு தடவை அழுத்தினேன். பெரிய ஏமாற்றம். எலுமிச்சங்காயைத் தோலோடு நசுக்கிய மாதிரி ஒரு காரம், அதன் பின்னாலேயே மருந்துக் கடை நெடி. பூவுமில்லை, சந்தனமுமில்லை. முகத்தைச் சுளித்ததைப் பார்த்து அம்மா என் கையை இழுத்து மோந்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபடி மோந்தாள்.

“டேய், கரும்புச் சோக கொளுத்துன நாத்தம்டா இது. கரும்பு வெட்டுன கொல்லில நின்னா சும்மாவே வருமே. இதப் பூசிக்கினு சுத்தறதுக்கா ஆளுங்க காச கொட்டிக் குடுக்கறாங்க?”

பிரகாசு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அப்போது அம்மா சொன்ன எதுவும் அதில் தெரியவில்லை. என் மூக்குக்கு அவ்வளவுதான் வக்கு என்று நினைத்துக்கொண்டேன். கச்சிராயபாளையத்தில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறவள் நான். காலையிலிருந்து சாயங்காலம் வரை யூரியா மூட்டைக்கும் வேப்பம்புண்ணாக்குக்கும் பூச்சிமருந்து டப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவளின் மூக்கு வேறெப்படி இருக்கும்?

அன்றைக்கும் வேலைக்குப் போய்விட்டேன். மத்தியானம் கூட்டம் குறைந்து, கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு தூக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தபோது என்னவோ வந்தது. எங்கிருந்து வருகிறது என்று முதலில் புரியவில்லை. வாசல் பக்கம் பார்த்தேன். பிறகுதான் அது என் கையிலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. எலுமிச்சங்காய் போய்விட்டிருந்தது. மருந்து நெடியும் இல்லை. இப்போது ஈரமான வேர், அதற்கடியில் அணைந்தும் அணையாத தீ, எல்லாவற்றுக்கும் பின்னால் பாகு கொஞ்சம் அடிப்பிடித்த இனிப்பு. மார்கழியில் சர்க்கரை ஆலை ஓட ஆரம்பித்ததும் காற்றில் மிதந்து ஊரெல்லாம் வருமே, அதே இனிப்பு. காலையில் அம்மாவுக்கு ஒரே மூச்சில் தெரிந்தது எனக்கு மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. ஒரு விவசாயி வந்து டி.ஏ.பி. உரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றார். நான் மணிக்கட்டை மூக்கில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். முதலாளி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. ஒரு வாசனை காலையில் ஒன்றாகவும் மத்தியானம் வேறாகவும் இருக்கும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள் நான். எனக்கென்று ஆசையாக ஒன்று இருக்கும் என்றே யாருக்கும் தோன்றாது, எனக்கும் தோன்றியதில்லை. இப்போது காலையில் ஒரே ஒரு அழுத்து, அதை நாள் முழுக்கப் பின்தொடர்வது என்று ஒரு பிழைப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள். “யாருக்குக் காட்ட இந்த மினுக்கு?” என்று தெருவில் கேட்டவர்களும் உண்டு. கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிரகாசு திரும்பிப் போன பிறகு, ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது தீக்குச்சி நீளத்தில் சின்னச் சின்னக் குப்பிகள் கொடுத்தனுப்புவான். கடையில் வீணாகப் போகிற சாம்பிள்கள். நான் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு வாட்ஸப்பில் பேசி அனுப்புவேன். “இது பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கு புதுப் புஸ்தகத்துக்கு அட்ட போடற வாசனடா.” “இது ஈரக் கோணி. கோணிக்குள்ள எவனோ ஏலக்கா கொட்டி வச்சிருக்கான்.” “இது வேணாம், எம் மாமியாக்காரி ஞாபகம் வருது.” அவன் அங்கே கடை மூடித் துடைக்கும்போது அதைப் போட்டுக் கேட்பானாம். கூட வேலை செய்கிற மலையாளிப் பையன்களுக்கும் மொழிபெயர்த்துச் சொல்வானாம், எல்லாரும் சிரிப்பார்களாம். அந்தக் குப்பிகளின் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. எல்லாம் ஒருவர் இருவராக உட்கார்ந்து செய்கிற சின்னக் கம்பெனிகளுடையவை என்று மட்டும் சொல்வான். எத்தனை வந்தாலும் அந்த மூடியில்லாத பாட்டில் பக்கத்தில் எதுவும் நிற்கவில்லை. அதை நல்ல நாள், மனசு கெட்ட நாள் இரண்டுக்கும் மட்டுமே எடுத்தேன்.

அடுத்த லீவு மழைக்காலத்தில் கிடைத்தது. “வாக்கா, ஒன்ன ஒரு எடத்துக்கு இட்டுக்கினு போறேன்” என்று பெரியப்பா வண்டியை வாங்கிக்கொண்டு வெள்ளிமலைக்குக் கிளம்பினான். கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏற ஏறக் குளிர்ந்தது. ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினான். கீழே அணைத் தண்ணீர் தெரியவில்லை, பனிமூட்டம் மூடியிருந்தது. ஒரு கடுக்காய் மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து கொண்டு வந்த அந்த மூடியில்லாத பாட்டிலை எடுத்து என் கையில் ஒன்று, அவன் சட்டைக் கையில் ஒன்று அடித்தான்.

“மோந்து பாரு. கீழ அடிச்சா ஓடற வாசன, இங்க எப்பிடி நடக்குது பாரு.”

உண்மைதான். குளிரில் அது மெதுவாகப் பிரிந்தது. நான் அவன் சட்டைக் கையை மோந்து பார்த்தேன். அவன் மேல் புகை தூக்கலாக இருந்தது, என் மேல் பாகு தூக்கலாக இருந்தது. ஒரே பாட்டில், ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு உடம்பு, இருந்தும் வாசனை வேறு. அந்த வியப்பில் இரண்டு பேரும் மாறி மாறி மோந்துகொண்டு நின்றோம். எதிரில் வந்த மினி பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்றே நினைத்திருப்பார்கள். தூறல் பிடித்து அவன் சட்டை நனைந்ததும் வாசனை இன்னும் எழும்பியது.

“ஈரம் பட்டா எழுந்துக்குதுடா,” என்றேன்.

“நீ சொல்றதுல பாதி கூட எங்க கடைல சொல்ல ஆளில்லக்கா. இன்னும் ரெண்டு தடவ போய்ட்டு வந்துட்டன்னா போதும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கட போட்டுடலாம். கல்யாணத்துக்குமில்ல, சாவுக்குமில்ல. சும்மா மோந்து பாத்துட்டுப் போறதுக்கு ஒரு கட. நீ கல்லாவுல ஒக்காந்துக்க.”

“எவன்டா வருவான்?”

“யாரும் வரலன்னா நாம ரெண்டு பேரும் மோந்துகினு ஒக்காந்திருக்கலாம்.”

வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டு இறங்கினோம். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

ஆடி கடைசியில் ஒரு காலை நேரம், அவனோடு அறையில் இருந்தவர்கள் போன் செய்தார்கள். தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். நல்லா இருந்தானே, நேற்றுக்கூடப் பேசினானே என்று எல்லா வீட்டிலும் சொல்வதை நானும் சொன்னேன். காகிதமெல்லாம் முடிந்து அவன் வந்து சேர ஆவணி ஆகிவிட்டது. அதுவரை அம்மா சாமி படத்துக்கு விளக்கும் ஏற்றவில்லை, அழவுமில்லை. வரட்டும் வரட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வந்தது ஒரு பெட்டி. சென்னையிலிருந்து வந்த வண்டியிலிருந்து ஆறேழு பேர் இறக்கி, வாசலில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வைத்தார்கள். புதுப் பலகை, ஓரமெல்லாம் ஆணி, பக்கத்தில் எது மேல்பக்கம் என்று காட்ட ஒரு கறுப்பு அம்புக்குறி. உள்ளே தகரப் பெட்டி இருக்கிறது, நாள் ஆகிவிட்டதால் திறக்கக் கூடாது என்று வண்டிக்காரர் தயவாகத்தான் சொன்னார். அம்மா பலகையின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். நானும் குனிந்து மோந்து பார்த்தேன். மரப் பட்டறை வாசனைதான் வந்தது. என் தம்பியின் வாசனை துளி கூட இல்லை. உள்ளே இருப்பது அவன்தானா என்று நம்புவதற்கு என் மூக்குக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட அதிகமாக வலித்தது.

வரிசை வந்தது, மாலை வந்தது. யாரோ ரோஜா சென்ட் பாட்டிலைத் திறந்தார்கள். அம்மா படக்கென்று நிமிர்ந்தாள்.

“அத ஊத்தாதீங்க. அது எம்புள்ளைக்கு ஆவாது. ஏய் கலை, அவனுது இருக்குதில்ல, அத எடுத்தா.”

பாட்டிலில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. அவன் தொட்டுக் கொடுத்ததில் மீதி என்று எங்கள் வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். சிக்கனமாக எடுத்தால் எனக்குப் பல வருசம் வரும் என்று, பெட்டி வந்து சேரும் வரை, அழுகைக்கு நடுவில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“வேணாம்மா. அது இனிமே கெடைக்காதும்மா.”

“அவன் கெடைப்பானாடி?”

நான் எழுந்திருக்கவில்லை. அம்மாவே உள்ளே போய் என் டிரங்குப் பெட்டியைக் கிளறி எடுத்துக்கொண்டு வந்தாள். பாட்டிலைப் பலகைப் பெட்டியின் மேல் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. உதறினாள். “அழுத்துனா போதும்மா, கொஞ்சமா வரும்” என்றேன். இரண்டு அழுத்தோடு போகட்டும் என்ற ஆசையில்தான் சொன்னேன். அரிவாள் பிடித்துத் தடித்த விரலால் அம்மா அழுத்தினாள். பனி மாதிரி மெல்லியதாக வந்து காற்றோடு போயிற்று. மறுபடி அழுத்தினாள்.

“இன்னாடி இது, பூச்சிமருந்து அடிக்கிற மாதிரி? எம்புள்ளைக்கு இதானா?” என்று அப்போதுதான் அவள் உடைந்து அழுதாள். தலைப்பிள்ளையாகப் பெற்ற என்னைக் கூட ஏறிட்டுப் பார்க்காமல் பாட்டிலைப் பெரியப்பாவிடம் நீட்டினாள். “மாமா, இத ஒடைங்க.”

பெரியப்பா தெய்வசிகாமணி எங்கள் அப்பாவின் அண்ணன். சாவு வேலைகளையெல்லாம் அவர்தான் முன்னால் நின்று செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கொடுவாளைத் திருப்பிப் பிடித்து அதன் பின்புறத்தால் பாட்டிலின் கழுத்தில் ஒரே தட்டு. அம்மா இரண்டு கையாலும் வாங்கி, அம்புக்குறி இருந்த பக்கத்தைத் தலைமாடு என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து ஆரம்பித்துப் பலகை மேல் ஊற்றிக்கொண்டே போனாள். வழிந்ததைக் கையால் தடவித் தடவிப் பக்கவாட்டிலும் பூசினாள். புதுப் பலகை குடித்துக்கொண்டே இருந்தது.

அந்த வாசனை அன்றைக்குப் போல் நான் எப்போதும் மோந்ததில்லை. முதலில் எலுமிச்சங்காய்க் காரம் எல்லார் கண்ணையும் கரித்தது, சில பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வெயிலில் அது ஓடியது, ஓடி ஓடி வேருக்கும் புகைக்கும் வந்து, தெருவே நிறைய அடிப்பிடித்த பாகு மணத்தது. கொட்டடிக்கிறவர்களில் ஒருவர் குச்சியை நிறுத்திவிட்டு, “இன்னாப்பா, ஆல தொறந்துட்டானா?” என்றார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஆலை இருக்கும் திசையில் திரும்பிப் பார்த்தார்கள். ஆவணியில் ஏது ஆலை? புகைபோக்கி சும்மா நின்றுகொண்டிருந்தது.

எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. தெருமுனையோடு நின்றுவிட்டோம். உடைந்த பாட்டிலும் பெட்டியோடு போயிற்று. பெட்டி வளைவில் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் வாசனை நின்றது. பிறகு வீடு கழுவிவிட்டார்கள், எல்லாம் போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்து அவனுடைய சாமான்கள் வந்தன. அந்த அறைக்காரர்கள் நல்லவர்கள். சட்டையிலிருந்து தலையணை உறை வரை ஒன்று விடாமல் துவைத்து, மடித்து அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து மோந்தேன். எல்லாவற்றிலும் சோப்புத்தூள் வாசனை. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? செத்தவன் துணியை அழுக்காகவா அனுப்புவார்கள்?

அம்மா மேல்தான் எனக்குக் கோபம். ஒரு சொட்டு, என் புடவைத் தலைப்பில் நனைக்கிற அளவு ஒரே சொட்டு விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்து கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு பேரும் சோறு ஆக்கினோம், சாப்பிட்டோம், வேலைக்குப் போனோம். அம்மாவுக்குப் புதிதாக ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. தெருக்கோடியில் இருக்கும் பெரியப்பாவின் ஆடுகளுக்கு அவள் தினமும் ஒரு கட்டுப் புல் அறுத்துக்கொண்டு போய்ப் போட ஆரம்பித்தாள். எங்களுக்கு ஆடு கிடையாது. எதையாவது செய்துகொண்டிருந்தால் மனசு மறக்கும் என்று நினைக்கிறாள் போல என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் நல்ல மழை. ஒரு சாயங்காலம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கித் தூறலில் நடந்து வந்துகொண்டிருந்தேன். பெரியப்பா வீட்டைத் தாண்டியவள் அப்படியே நின்றுவிட்டேன். ஆட்டு மூத்திர நெடி, ஈர மண், நனைந்த புல், இவ்வளவுக்கும் அடியில் அது இருந்தது. வேர். அணைந்தும் அணையாத தீ. பாகு. கொல்லைப்பக்கம் ஓடினேன். ஆட்டுக் கொட்டகையின் சாரல் அடிக்கிற பக்கம் புதிதாகப் பலகை அடைத்திருந்தது. அதில் ஒரு பலகையில் கறுப்பு அம்புக்குறி. இப்போது அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியப்பா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

“யம்மா கலை... வெளிப்பெட்டி குழில எறங்கலம்மா. வண்டிக்காரரு, கழட்டிட்டு தகரப் பெட்டிய மட்டும் எறக்குங்கன்னாரு. பலக அங்கியே மழைல கெடந்துச்சி. நல்ல பலக. இங்க குட்டிங்க நனைஞ்சி ரெண்டு செத்தும் போச்சி...” சுடுகாட்டுக்குப் போன பொருளை வீட்டுக்குக் கொண்டு வருவது எங்கள் பக்கம் எவ்வளவு பெரிய குற்றம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா மண்ண வாரித் தூத்துவா. நாளைக்கே கழட்டிக் கொளுத்திடறேன்மா. ஊருல சொல்லிடாத.”

“கொளுத்தாத பெரிப்பா,” என்றேன். “அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன். அப்பிடியே இருக்கட்டும்.”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். நான் குட்டிகளுக்கு நடுவில் குத்த வைத்து உட்கார்ந்து பலகையில் மூக்கை வைத்தேன். என்னவெல்லாமோ நினைத்து அழுதேன். அவன் மேல் புகை தூக்கலாக இருந்தது, என் மேல் பாகு தூக்கலாக இருந்தது. மரத்தின் மேல் இரண்டும் சமமாக இருந்தன.

அதிலிருந்து வேலை முடிந்து வரும்போதெல்லாம் ஆடு பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய் வந்தேன். மழை நாட்களில் அது நன்றாக எழும்பியது. வெயில் நாட்களில் பலகைக்குள் போய் ஒளிந்துகொண்டது. கார்த்திகை பிறந்தபோது பாகு அடியோடு இல்லை. பிறகு புகை போயிற்று. மழை ஓய்ந்து பனி இறங்கியபோது, பலகையோடு பலகையாக மூக்கைத் தேய்த்தால் மட்டும் வேர் கொஞ்சம் கிடைத்தது. கடைசியில் அதுவும் எனக்குத் தெரியவில்லை. நாள் தவறாமல் மோந்து பழகிய மூக்கு இது, தவறவிடாது. போய்விட்டது என்று தெரிந்தும் போய்ப் போய்ப் பார்த்தேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் ஏறியிருந்தது. அம்மா புல்கட்டோடு கிளம்பிப் போய் நேரமாகியும் வரவில்லை என்று தேடிப் போனேன். கொட்டகைக்குள் அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். கதம்பக் கடைக்காரி பூவுக்குத் தெளிப்பது போல, விரலை நனைத்து நனைத்து அந்த அம்புக்குறிப் பலகையில் தெளித்துக்கொண்டிருந்தாள். தெளித்துவிட்டு முகத்தைக் கொண்டு போய் வைப்பாள். மறுபடி தெளிப்பாள். பலகையில் அந்த இடம் மட்டும் நிறம் மாறி வழவழவென்றிருந்தது. ஒரு நாளில் வருகிற வழவழப்பு இல்லை அது.

நான் நிற்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பவில்லை.

“அவருகிட்ட ஒண்ணும் கேட்டுக்காத,” என்றாள். “கேட்டா பயந்துகினு கொளுத்திடுவாரு.”

“கேக்கலம்மா.”

கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை மாதமாக அவளோடு மனசுக்குள் போட்ட சண்டையில் ஒரு வார்த்தை கூட இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள். முகம் தெளிந்தது. தைலத்தைக் கண்ட அன்றைக்குத் தெளிந்த மாதிரி.

“இன்னிக்கி ஜாஸ்தியா வருதுடி. ரொம்ப நாளைக்கப்பறம் நல்லா வருது. மோந்து பாரு.”

மோந்து பார்த்தேன். பலகையில் ஈர மரமும் ஆடும்தான் இருந்தன. ஆனால் அவள் சொன்னது உண்மை. அடிப்பிடித்த பாகின் இனிப்பு கொட்டகை முழுக்க நிறைந்திருந்தது. கீற்று இடைவெளி வழியாக வெளியே பார்த்தேன். ஆலைப் பக்கமிருந்துதான் காற்று வந்துகொண்டிருந்தது. வயல்களுக்கு அந்தப் பக்கம் புகைபோக்கியிலிருந்து இந்த வருசத்தின் முதல் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

“வருதா?” என்றாள் அம்மா.

“வருதும்மா.”

ஒரு குட்டி வந்து ஈரப் பலகையை நக்க ஆரம்பித்தது. அம்மா அதன் கழுத்தில் கையைக் கொடுத்து மெதுவாக அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, சொம்பில் விரலை நனைத்து, மறுபடியும் தெளித்தாள்.